லாங் ரன் பாதியில் நின்றுவிட்டது, மாரத்தானுக்கு நான்கு வாரம்: இனி எந்த வழி?

டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும் சிங்கப்பூர் மாரத்தானுக்குப் பயிற்சி செய்பவர்களின் அட்டவணையில், நவம்பர் முதல் வாரத்தையொட்டித்தான் மிக நீண்ட ஓட்டம், அதாவது கடைசிப் பெரிய லாங் ரன், வரும். 30 அல்லது 32 கிலோமீட்டர். தீபாவளி முடிந்த கையோடு, பலகாரமும் தூக்கக் குறைவுமாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அந்த ஓட்டத்தைத் தொடங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். 22, 24 கிலோமீட்டர் தாண்டியதும் கால் நகர மறுக்கிறது. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, பிறகு நடை மட்டும். பிடோக் ஜெட்டி பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வாட்சை நிறுத்துகிறார்கள். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, அடுத்த ஞாயிறு திரும்ப ஓடிப் பாத்துடட்டுமா?"

அந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். நான்கு வாரம் மிச்சம் இருக்கும்போது வழிகள் பல உண்டு. அடுத்த ஞாயிறே அதே தூரத்தை மறுபடி ஓடலாம். சனி, ஞாயிறு என இரண்டாகப் பிரித்து ஓடலாம். நேரத்தையோ இடத்தையோ மாற்றலாம். தூரத்தை மறந்துவிட்டு, இவ்வளவு நேரம் என்று வைத்துக்கொண்டு நடையும் ஓட்டமுமாகப் போகலாம். போனது போகட்டும் என்று விட்டுவிடலாம். அரை மாரத்தானுக்கு மாறலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறே மறுபடி ஓடுவதுதான் எல்லாருக்கும் உடனே தோன்றுகிற வழி. பெரும்பாலானவர்களுக்கு அதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. மற்றவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது ஓட்டம் எதனால் நின்றது என்பதைப் பொறுத்தது. எத்தனை கிலோமீட்டர் விட்டுப்போயிற்று என்று கணக்குப் பார்த்து முடிவெடுத்தால் தவறான வழியில்தான் போய்ச் சேருவோம்.

முதலில், எதனால் நின்றது?

வாட்சில் பதிவான இதயத்துடிப்பையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

வேகம் குறைந்துகொண்டே வரும்போது இதயத்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போயிருந்தால், உங்களை நிறுத்தியது பெரும்பாலும் சூடும் நீரிழப்பும்தான். இதில் சரிவு மெல்ல வரும். பத்தாவது கிலோமீட்டரிலேயே துடிப்பு வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கும். இருபதில் எளிய ஓட்டமே போட்டி ஓட்டம் மாதிரி மூச்சு வாங்க வைக்கும். நிழலில் நின்று தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் உயிர் வரும்.

வேகமும் துடிப்பும் சேர்ந்தே விழுந்திருந்தால், உள்ளே எரிபொருள் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். நம் தசைகளில் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் மாவுச்சத்தும், ஈரலில் 100 கிராமுக்குள்ளும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும். இரண்டு, இரண்டரை மணி நேர ஓட்டத்தில் அது அடிமட்டத்துக்கு வந்துவிடும். அப்போது மனமும் மங்கும். காரணமில்லாமல் எரிச்சலோ அழுகையோ வரும். இனிப்பான பானம் ஒன்று குடித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிவு திரும்பினால் சந்தேகமே வேண்டாம், சாப்பாடுதான் காரணம். புரட்டாசி விரதம், கார்த்திகையில் மாலை போட்டு ஒருவேளை உணவு என்று இருப்பவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். விரதம் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. லாங் ரன்னுக்கு முந்தைய நாள் இரவுச் சோறும், ஓடும்போது உள்ளே போகும் சர்க்கரையும் கண்டிப்பாக வேண்டும். அதை விரத முறைக்குள்ளேயே எப்படிக் கொண்டுவருவது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

மூன்றாவது வகை வேறு. மூச்சு சீராக இருக்கிறது, துடிப்பும் சரி, பசியும் இல்லை. ஆனால் தொடை கல்லாகிவிட்டது, ஒவ்வொரு அடியும் வலிக்கிறது. இது தசை இன்னும் அத்தனை நேர அதிர்ச்சிக்குப் பழகவில்லை என்பதற்கான அடையாளம். வார நாள்களில் ஓடாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுபவர்களுக்கு இது வரும். முந்தைய நாள் முழுக்க நின்று வேலை செய்தவர்களுக்கும் வரும். நம் குழுக்களில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் டார்மிட்டரியிலிருந்து ஓட வரும் தம்பிகள் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை வரை கட்டுமானத் தளத்தில் வெயிலில் நின்றுவிட்டு, ஞாயிறு விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வருகிறவர்கள். ஏசி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் அட்டவணையை அப்படியே அவர்கள் கையில் கொடுப்பது நியாயமே இல்லை. அவர்கள் கால்கள் லாங் ரன்னின் முதல் பத்து கிலோமீட்டரைச் சனிக்கிழமையே ஓடி முடித்துவிட்டன.

ஒரே இடத்தில் குத்தும் வலி என்றாலோ, காய்ச்சல் இருந்தாலோ, கீழே சொல்லப்போகும் எந்த வழியும் உங்களுக்கு இல்லை. மருத்துவரைப் பாருங்கள். டெங்கி உள்ள ஊர் இது. காய்ச்சலோடு ஓடிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இந்த ஊரின் சூடு

சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் சிங்கப்பூரில் நின்றுபோகும் லாங் ரன்களில் நான் பார்த்தவரை முதல் குற்றவாளி அதுதான். ஆனால் ஓடுபவர்கள் பழியை எப்போதும் தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

பூமத்தியரேகையிலிருந்து ஒன்றேகால் டிகிரி தூரத்தில் இருக்கிறோம். விடிவதற்கு முன் வெப்பம் 25, 26 டிகிரியாக இறங்கும். ஆனால் அதே நேரத்தில்தான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். 90 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றே தண்ணீரால் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டிச் சொட்டி ஷூவை நனைக்கிறது. உடம்பு இன்னும் அதிக ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிப் பார்க்கிறது. தசைக்குப் போகும் பங்கை விடாமல் வைத்திருக்க இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. அதே வேகம், அதே கால், ஆனால் இதயத்துக்கு இரட்டை வேலை.

நம் ஊரின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களின் கதையே இதற்குச் சான்று. முருகையா ரமேஷன் 1995இல் ஓடிய 2 மணி 24 நிமிடம் 22 வினாடி, 2019 வரை தேசியச் சாதனையாக நின்றது. அதை அவர் ஓடியது சியாங் மாயில், தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், டிசம்பர் மாதத்தில். அதை முறியடித்த சோ ருய் யோங் 2 மணி 23 நிமிடம் 42 வினாடி எடுத்தது தென்கொரியாவின் சோல் நகரில், மார்ச் மாதத்தில். இரண்டும் சிங்கப்பூரைவிடக் குளிர்ந்த இடங்கள், குளிர்ந்த மாதங்கள். அப்பேர்ப்பட்டவர்களின் சாதனையே அங்கேதான் பிறந்தது என்றால், இணையத்திலிருந்து இறக்கிய ஓர் அமெரிக்க அட்டவணையின் வேகத்தை ஈஸ்ட் கோஸ்டில் காலை ஒன்பது மணி வெயிலில் பிடிக்க முடியவில்லை என்று நாம் கலங்க வேண்டியதில்லை.

வானிலை ஆய்வகம் 2023 ஜூலை முதல் வெப்ப அழுத்த அளவை வெளியிடுகிறது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்த டபிள்யூபிஜிடி என்ற அளவு அது. 31 டிகிரிக்குக் கீழே என்றால் குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். மைஎன்வி செயலியில் உங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தின் அளவைப் பார்க்கலாம். உங்கள் ஓட்டத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் அது எவ்வளவு இருந்தது என்று பார்த்து வைத்தால், அடுத்த முறை முடிவெடுக்க உதவும். மறக்கக் கூடாத ஒன்று: அளவு "குறைவு" என்று காட்டினாலும், மூன்று மணி நேரம் ஓடுகிற உடம்பு உள்ளேயிருந்து சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

ஓட்டத்தின் நடுவில் இருக்கிறீர்கள், நிறுத்துவதா தொடர்வதா என்ற குழப்பம். மூச்சும் காலும் மட்டும் பிரச்சினை என்றால் நடந்து பாருங்கள். ஆனால் தலைசுற்றல், வாந்தி, வெயிலிலும் உடம்பு சில்லிடுவது, கூட வருபவரின் கேள்விக்குக் குழம்பிய பதில் — இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டம் அத்தோடு முடிந்தது. குழப்பமும் தள்ளாட்டமும் இருந்தால் அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். 995ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக் குளிரவையுங்கள். வியர்வை நிற்கவில்லையே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். ஓடும்போது வரும் வெப்பத் தாக்குதலில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்த ஞாயிறே மறுபடி ஓடுவது

இதன் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. 32 என்ற எண்ணை ஒருமுறையாவது பார்த்துவிட்டால் மனசு அடங்கும். ஆனால் உடம்பின் கணக்கைப் பாருங்கள். நின்றுபோன 24 கிலோமீட்டரும் ஓட்டம்தான். சூட்டோடு போராடிய 24 என்பது, நல்ல நாளில் ஓடிய 30க்கு நிகரான களைப்பைத் தரக்கூடியது. அது ஆறுவதற்குள் அடுத்த ஞாயிறு இன்னொரு 32. அது முடியும்போது பந்தயத்துக்கு மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் ஓட்டத்தைக் குறைத்து உடம்பைத் தேற்ற வேண்டிய டேப்பர் காலம். ஒரு நீண்ட ஓட்டத்தின் பலன் உடம்பில் சேர இரண்டு வாரமாவது ஆகும். களைப்போ அன்றே வந்து உட்கார்ந்துவிடும்.

காரணம் மாறாமல் இருந்தால் விளைவும் மாறாது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். அதே ஐந்தரை மணித் தொடக்கம், அதே வெயில், அதே இரண்டு ஜெல் (ஓடும்போது உறிஞ்சும் சர்க்கரைக் கூழ்) என்றால் அதே 24இல்தான் நிற்பீர்கள். இரண்டாவது முறை நின்றால் மனம் உடைவது பலமடங்கு. சேர்ந்து ஓடும் ஓர் அக்கா அப்படித்தான் பந்தயத்தன்று தொடக்கக் கோட்டுக்கே வரவில்லை. அவர் கால் தயாராகத்தான் இருந்தது, நம்பிக்கைதான் போய்விட்டது.

இந்த வழி ஒரே ஒரு சூழலில் சரி. நின்றதற்குக் காரணம் தெளிவாக உணவு, ஓடிய தூரம் 20க்கும் குறைவு, நான்கு நாளில் கால் முழுக்கத் தேறிவிட்டது என்றால் ஓடலாம். அப்போதும் 32 வேண்டாம், 28 போதும்.

சாப்பாட்டுக் கணக்கும் இதோடு சேர்ந்தது. ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம். நடுத்தர வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவே. ஜெல் வயிற்றுக்கு ஒத்துவராதவர்கள் பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிச் சின்னப் பையில் எடுத்துப் போகலாம். பசித்தபிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிடும்; முதல் அரை மணி நேரத்திலிருந்தே தொடங்க வேண்டும். தண்ணீருக்கு ஒரு நல்ல வழி: ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். எடை கூடியிருந்தால் ஆபத்து வேறு பக்கம்: அளவுக்கு மீறிக் குடித்த வெறும் தண்ணீர் ரத்தத்தில் சோடியத்தை நீர்த்துப்போக வைக்கும், அது உயிருக்கே உலை வைக்கலாம்.

சனி மாலை பாதி, ஞாயிறு காலை பாதி

சனி மாலை 14, ஞாயிறு விடிகாலை 18. மொத்தம் அதே 32, ஆனால் எந்த ஓட்டமும் உடம்பை முறிப்பதில்லை. களைத்த காலோடு ஓடும் அனுபவம் கிடைக்கிறது. நடுவில் சாப்பிடவும் தூங்கவும் முடிகிறது. சூட்டால் நின்றவர்களுக்கு இது நல்ல வழி, ஏனென்றால் இரண்டு ஓட்டமுமே வெயில் ஏறாத நேரத்துக்குள் அடங்கிவிடும்.

கிடைக்காதது ஒன்று உண்டு. மூன்றாவது மணி நேரத்தில் தொடர்ந்து காலில் நிற்பது எப்படி இருக்கும், அப்போது வயிறு ஜெல்லை ஏற்குமா என்பதை இந்த முறை சொல்லித்தராது. முதல் மாரத்தான் ஓடுகிறவருக்கு அது பெரிய இழப்பு. ஏற்கெனவே ஒன்றிரண்டு ஓடியவருக்கு அவ்வளவு இல்லை. சனிக்கிழமையும் உடலுழைப்பு வேலை உள்ளவர்களுக்கு இது அறவே வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: ஞாயிறு காலையோடு சனி மாலையும் போகிறது, அந்தப் பாரத்தை வீட்டில் இன்னொருவர் சுமக்கிறார். கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நேரத்தையும் இடத்தையும் மாற்றுவது

இது தனித்து நிற்கும் வழியில்லை, எந்த வழியோடும் சேரும். ஆனால் சரியாகச் செய்தால் இதைவிடப் பெரிய மாற்றம் வேறெதுவும் தராது.

சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கச் சூரியன் ஏழு மணியையொட்டித்தான் உதிக்கிறது. மூன்று மணி நேர ஓட்டத்தை ஐந்தரைக்குத் தொடங்கினால் கடைசி ஒன்றரை மணி நேரம், அதாவது மிகக் கடினமான பகுதி, வெயிலில் விழுகிறது. நான்கு மணிக்குத் தொடங்கினால் வெயில் உறைக்கும் முன் முடிந்துவிடும். சிரமம் என்னவென்றால் அந்நேரத்தில் எம்ஆர்டி ரயில் ஓடாது. வீட்டு வாசலிலிருந்தே தொடங்கும் பூங்கா இணைப்புப் பாதைதான் கைகொடுக்கும். இந்தச் சிரமத்துக்கு ஒரு பலனும் உண்டு. 2019இல் மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய சிங்கப்பூர் மாரத்தான், 2022 முதல் விடியுமுன் நாலரைக்குத் திரும்பியது. எத்தனை மணிக்கு எழுவது, எழுந்ததும் என்ன சாப்பிட்டால் வயிறு சமாதானமாக இருக்கும், கழிவறைக்கு எப்போது போக நேரும் என்பதெல்லாம் லாங் ரன்னிலேயே ஒத்திகை ஆகிவிடும். உங்கள் பந்தயத் தொடக்க நேரத்தைப் பார்த்து அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஓட்டம் சிலருக்குப் பிடிக்கிறது. வெயில் கிடையாது, ஈரப்பதமும் விடியற்காலையைவிடக் குறைவு. ஆனால் பகல் முழுதும் சூடேறிய சிமெண்டு இரவு பத்து மணி வரை அனலை விட்டுக்கொண்டிருக்கும். நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பும் சேரும். நவம்பரில் பிற்பகல் இடியும் மழையும் மாலைவரை நீண்டால் திட்டமே கெடும். மின்னல் இருக்கும்போது திறந்தவெளியில் ஓடக் கூடாது, இதில் விவாதமே கிடையாது.

இடங்களில், ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா 15 கிலோமீட்டர் நீளம், சமதளம், விளக்கும் தண்ணீரும் கழிவறையும் உண்டு. விடியுமுன் ஓட அதற்கு ஈடில்லை. ஆனால் அங்கிருந்து சாங்கி கடலோரப் பாதைக்கு நீட்டிக்கொண்டு போகாதீர்கள். விமான நிலையத்தை ஒட்டிய அந்த நேர்கோட்டில் நிழல் கிடையாது, வெயில் ஏறியபிறகு மனதையும் உடைக்கும். பிடோக் நீர்த்தேக்கத்தின் 4.3 கிலோமீட்டர் சுற்றைப் பலர் சலிப்பு என்று ஒதுக்குகிறார்கள். ஒருமுறை நின்றுபோன பிறகு ஓடும் ஓட்டத்துக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன். ஒவ்வொரு சுற்றிலும் வைத்த இடத்தில் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் இருக்கும். நிறுத்த வேண்டி வந்தால் வீட்டிலிருந்து தொலைவில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். கூட வர முடியாத மனைவியோ கணவரோ ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளவும் முடியும்.

மலாயா ரயில் போய்க்கொண்டிருந்த பழைய தடம், 2011இல் ரயில் நின்றபின் 24 கிலோமீட்டர் நடைபாதையாக உட்லண்ட்ஸ் வரை கிடைக்கிறது. தரை மென்மை, மரநிழல் உண்டு. தொடை கல்லாகி நின்றவர்களுக்கு ஏற்றது. ஆனால் பெரும்பகுதியில் விளக்கு இல்லை, தண்ணீர் கிடைக்கும் இடங்களும் குறைவு. விடிந்தபின் போக வேண்டும், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போக வேண்டும். மக்ரிட்சி காட்டுப் பாதையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மிக அழகான இடம், ஆனால் வேர்களும் ஏற்ற இறக்கமும் உள்ள பாதையில் பந்தயத்துக்கு நான்கு வாரம் முன் கணுக்காலைப் பணயம் வைக்காதீர்கள்.

டிரெட்மில்லை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். புகைமூட்டம் வந்து, காற்று மாசு அளவான பிஎஸ்ஐ 100ஐத் தாண்டும் நாளில் அதுவே சரியான இடம். காற்றாடி ஒன்று முகத்துக்கு நேரே ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஏசி அறையிலும் நனைந்துபோவீர்கள். ஆனால் பந்தயம் வெளியே, ஈரக் காற்றில். சூட்டுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் தொடர்ந்து வெளியே ஓட வேண்டும். அந்தப் பழக்கத்தை டிரெட்மில் தராது.

தூரத்தை மறந்து, நேரத்தை வைத்துக்கொண்டு

என் ஓட்டு இதற்குத்தான். அதுவும் முதல் மாரத்தான் ஓடுகிறவர்களுக்கும், நாலரை ஐந்து மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கும் அழுத்தமாகச் சொல்வேன்.

32 என்ற எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்க அட்டவணைகளின் 20 மைல். நான்கு மணி நேர மாரத்தான் ஓடுபவர் அதைப் பயிற்சி வேகத்தில் ஏறக்குறைய மூன்றேகால் மணியில் முடிப்பார். ஐந்து மணி நேர மாரத்தான் வேகத்தில் ஓடுபவருக்கு அதே தூரம் மூன்றே முக்கால் மணிக்கும் மேல். மெதுவாக ஓடுபவர் அதிக நேரம் காலில் நிற்கிறார், அதிக வெயிலை வாங்குகிறார், அதிகத் தண்ணீரை இழக்கிறார். ஒரே எண்ணை இருவருக்கும் எழுதிவைப்பது எப்படிச் சரியாகும்? பெயர்பெற்ற பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் நீண்ட ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று எல்லை வைத்தார். அமெரிக்கப் பயிற்சியாளர்களான ஹான்சன் சகோதரர்களின் திட்டத்தில் மிக நீண்ட ஓட்டமே 16 மைல், அதாவது 26 கிலோமீட்டர் சுமார். வாரம் முழுக்கச் சேர்த்துவைக்கும் ஓட்டமே அங்கே பலம். 32 ஓடாமல் யாரும் 42 ஓட முடியாது என்பது பொய் என்பதற்கு இவை போதும்.

ஆகவே, நின்றுபோன ஓட்டத்துக்கு அடுத்த ஞாயிறு 14, 15 கிலோமீட்டர் எளிதாக ஓடிவிட்டு, அதற்கடுத்த வார இறுதியிலும் பந்தயத்துக்கு முழுதாய்ப் பதினான்கு, பதினைந்து நாள் மிச்சம் இருக்குமாறு பார்த்து, ஒரே ஒரு முறை, மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் போங்கள். தேதி அதற்குள் அடங்காவிட்டால் இரண்டரை மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். களைத்தபிறகு நடப்பதற்குப் பதில் தொடக்கத்திலிருந்தே நடையைச் சேருங்கள்: நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய ஜெஃப் கேலவே பரப்பிய முறை இது. நடப்பது தோல்வி என்று நினைப்பவர்கள் நம் குழுக்களில் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஊரில் அந்த ஒரு நிமிடம்தான் உடம்புச் சூடு ஏறாமல் பிடித்துவைக்கிறது, நிதானமாகக் குடிக்கவும் சாப்பிடவும் இடம் கொடுக்கிறது. கிலோமீட்டருக்கு ஏழேகால் நிமிடம் என்று போனாலும் மூன்று மணியில் ஏறக்குறைய 25 வந்துவிடும். வாட்சில் தூரம் தெரியாதபடி, நேரமும் துடிப்பும் மட்டும் தெரியுமாறு திரையை மாற்றிவைத்துவிட்டு ஓடுங்கள்.

அட்டவணையில் சொன்னதைக் குறைத்து ஓடினால் கடைசிப் பத்து கிலோமீட்டருக்குத் தயாராக இருக்க மாட்டோமே என்று கேட்பது நியாயம். கடைசிப் பத்துக்கு யாருமே முழுதாகத் தயாராக இருப்பதில்லை. அங்கே உதவுவது ஓய்வெடுத்த கால், நிரம்பிய கிளைகோஜன், முதல் பாதியில் காட்டிய பொறுமை. மூன்றையும் பறிக்கக்கூடியது, தாமதமாக ஓடும் இன்னொரு மிகக் கடினமான லாங் ரன்.

விட்டுவிடுவது

மூன்று வாரத்துக்கும் குறைவாகவே இருந்தாலோ, அதற்கு முன் 26, 28 என ஒன்றிரண்டு ஓட்டம் நன்றாக அமைந்திருந்தாலோ, தயங்காமல் விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் சேர்த்த உழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கரையாது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். பந்தய நாள், நீங்கள் திணறிய அந்தக் காலையைவிட இதமாக அமையவும் வாய்ப்பு இருக்கிறது. அதை நம்பி வேகத்தைத் திட்டமிட மட்டும் கூடாது. வார நாள் ஓட்டங்களை நிறுத்தாமல், நீளத்தை மட்டும் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஒரே பிரச்சினை மனம். நின்றுபோன ஓட்டமே கடைசி நினைவாக இருந்தால் தூக்கம் வராது என்பவர்கள், நடுவில் ஒரு 16 கிலோமீட்டரை விடியுமுன், பந்தயச் சாப்பாட்டோடு, பந்தய உடையில் நன்றாக ஓடி முடியுங்கள்.

அரை மாரத்தானுக்கு மாறுவது

இதைக் கடைசியில் சொல்வதால் கடைசி மதிப்பு என்று எண்ண வேண்டாம். அட்டவணை முழுதிலும் உங்கள் மிக நீண்ட ஓட்டமே 20ஐத் தாண்டவில்லை, வாரத்துக்கு இரண்டு முறைதான் ஓட முடிந்தது, அல்லது வலி ஒரே இடத்தில் இரண்டு வாரமாக நீடிக்கிறது என்றால், 21.1 கிலோமீட்டர்தான் நேர்மையான தேர்வு. ஒரு மோசமான காலைக்காக மட்டும் மாறாதீர்கள். பல வாரங்கள் ஒரே கதையைச் சொன்னால் மாறுங்கள். வீட்டில் அம்மாவும் அப்பாவும் வந்து நின்று பார்க்கப்போகிறார்கள், அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது என்ற கூச்சம் புரிகிறது. ஆனால் நாற்பத்திரண்டில் முப்பதாவது கிலோமீட்டரில் ஆம்புலன்ஸ் ஏறுவதைவிட, இருபத்தொன்றை நன்றாக ஓடிவிட்டு அடுத்த ஆண்டுக்குத் தயாராவதைப் பார்க்கத்தான் அவர்களும் விரும்புவார்கள்.

பிரிவு மாற்றத்தை ஏற்பாட்டாளர்கள் அனுமதிக்கிறார்களா, கடைசித் தேதி எது, கட்டணம் உண்டா என்பதை இன்றே பதிவுக் கணக்கில் பாருங்கள். பெரும்பாலான பந்தயங்களில் அந்தத் தேதி நாம் நினைப்பதைவிட முன்னதாகவே முடிந்துவிடும். முடிந்திருந்தால், முழு மாரத்தானிலேயே நடையும் ஓட்டமுமாகத் தொடங்கி, பாதித் தூரம் வரும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கலாம். கூட வருபவரிடம் அந்த இடத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காசும் மாற்று உடையும் வைத்துக்கொண்டு அவர் அங்கே காத்திருக்கட்டும்.